கொல்லிமலைக்குப் போனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

கொல்லிமலை என்றாலே பலரும் காலையில் ஏறி, ஆகாய கங்கையில் குளித்துவிட்டு, சாயங்காலமே இறங்கிவிடுகிறார்கள். அருவி அழகுதான், ஆனால் மலை என்பது அதன் ஊர்களும்தான், அதற்கு ஒரு நாள் கூடுதலாக வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்துக்கு வந்தால், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சொந்த வண்டி என்றால் வளைவுக்கு வளைவு ஹாரன் அடியுங்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறி, தேவைப்படுகிற நேரத்தில் பிடிக்காது. என்னைக் கேட்டால் பேருந்துதான் நல்லது. எந்த ஊரில் என்ன அறுவடை, சோளக்காட்டுச் சந்தை என்றைக்கு, கீழே இறங்கக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மேலே இருப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைக்காதீர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், பேசுவது தமிழ். ஊர்களை வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகத்தான் சொல்வார்கள், நாடு என்றால் இங்கே சில ஊர்கள் சேர்ந்த பகுதி, அதனால் வழி கேட்கும்போது நாட்டின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.

மலைமேல் இருக்கிற செம்மேடு என்ற ஊரில் தங்கி, விடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காபி, அப்புறம் சரிவெல்லாம் மரவள்ளி. முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பல, ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கியதால் மரவள்ளிக்கு மாறிவிட்டன. சாமையை உமி நீக்குவது பெண்களின் முதுகு ஒடிக்கிற வேலை என்பதும் ஒரு காரணம். சாமை போட்டிருக்கிற வீட்டைக் கண்டால் பேரம் பேசாமல் ரெண்டு கிலோ வாங்குங்கள். வயலுக்குள் இறங்குவதற்கும் படம் எடுப்பதற்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் முழங்கால் பேசும், ஆகவே வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள். தண்ணீர் அதிகமாக வந்தால் விடமாட்டார்கள், அன்றைக்குக் காவலரிடம் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், கூட்டம் தாங்காது, ஊர்களை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாளில் போங்கள்.

மிளகு வாங்கினால் கொஞ்சம் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நல்ல மணி அடியில் தங்கும், பொக்கு மிதக்கும்.