டானூப் க்ரூஸ் முடிஞ்சு பிராக் போகணுமா? ரயிலா, பஸ்ஸா, காரா?

ஐரோப்பாவுல ஓடுற டானூப் நதியில ஏழு நாள் க்ரூஸ் போறவங்க நிறைய பேர் அப்படியே செக் நாட்டுத் தலைநகர் பிராக்கையும் பாத்துட்டு வரலாம்னு ப்ளான் போடுவாங்க, ஆனா பிராக் டானூப் கரையிலயே இல்ல, அது வ்ல்டாவா நதிக்கரை ஊர், அதனால கப்பல விட்டு இறங்கினதும் ரயிலோ பஸ்ஸோ காரோ ஏதாவது ஒண்ணு புடிச்சே ஆகணும். நான் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்போ ரயில் எத்தனை மணி நேரம்னு மட்டும்தான் பாத்தேன், ரெண்டு பெரிய சூட்கேஸையும் அம்மாவோட முழங்கால் வலியையும் கணக்குல எடுக்கல. நீங்க அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஸ்டெப் 1: கப்பல் எந்த படகுத்துறையில நிக்கும்னு கேளுங்க

ஊர் பேர் மட்டும் பத்தாது. ப்ரோக்ராம்ல பாசாவ்னு (ஜெர்மனி ஊர்) போட்டிருக்கும், ஆனா சில சமயம் கப்பல் 20 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்க வில்ஸ்ஹோஃபன்ல நிக்கும். கோடையில தண்ணி ரொம்ப குறைஞ்சாலோ வெள்ளம் வந்தாலோ கடைசி நேரத்துல இடமே மாறும், அதனால கேன்சல் பண்ணவே முடியாத டிக்கெட்ட ரொம்ப மலிவா இருக்குன்னு எடுத்துடாதீங்க.

ஸ்டெப் 2: ரூம்ல இருந்து ரூம் வரைக்கும் நேரத்தக் கூட்டுங்க

பொதுவா காலையில 9 மணிக்குள்ள கேபின காலி பண்ணச் சொல்லிடுவாங்க. படகுத்துறையில இருந்து ஸ்டேஷன், அங்க காத்திருக்கிறது, ரயில், அப்புறம் பிராக் ஸ்டேஷன்ல இருந்து ஹோட்டல், இது எல்லாத்தையும் சேத்துப் பாருங்க. இறங்கின ஒரு மணி நேரத்துல ரயில் புடிக்கிற மாதிரி போடாதீங்க, 11 மணிக்கு மேல கிளம்புற ரயிலா பாத்தா பதட்டம் இல்லாம போகலாம்.

ஸ்டெப் 3: எங்க இறங்குறீங்களோ அதுக்கு ஏத்த வண்டி

புடாபெஸ்ட்ல இறங்கினா என் ஓட்டு ரயிலுக்குத்தான். பிராக்குக்கு நேர் ரயில் இருக்கு, பிராட்டிஸ்லாவா, ப்ர்னோ வழியா சுமார் 7 மணி நேரம், எந்திரிச்சு நடக்கலாம், டைனிங் கார்ல சூடா சூப் சாப்பிடலாம். ஆனா ஸ்டேஷன் பேர ரெண்டு தடவை பாருங்க, புடாபெஸ்ட்ல பெரிய ஸ்டேஷனே மூணு இருக்கு. கெலெட்டினா கிழக்கு, நியுகாட்டினா மேற்கு, ஆனா மேற்கே இருக்க வியன்னாவுக்கு ரயில் கிளம்புறது கெலெட்டில இருந்து, பேர வச்சு முடிவு பண்ணா மாட்டிக்குவீங்க. டிக்கெட்ல என்ன போட்டிருக்கோ அங்க போங்க. ஒரேயடியா அவ்ளோ நேரம் உக்கார முடியாதவங்க, ரெண்டே முக்கால் மணி நேரத்துல வியன்னா போய் ஒரு ராத்திரி தங்கிட்டு, மறுநாள் நாலு மணி நேரத்துல பிராக் போயிடலாம்.

பாசாவ்ல இறங்கினா கதை வேற. அங்கிருந்து பிராக்குக்கு நேர் ரயில் கிடையாது, வழியில பெட்டியோட ஏறி இறங்கி மாறணும். மூணு நாலு பேர் இருந்தா டிரைவரோட ஒரு வேன் பேசிக்கிறதுதான் நல்லது, காசு கூடத்தான், ஆனா வழியில செஸ்கி க்ரும்லோவ்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லலாம், 1992ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்த அழகான பழைய ஊர், அதுக்காகவே அந்தக் காசு கொடுக்கலாம். நீங்களே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமேன்னு தோணும், ஆனா ஒரு நாட்டுல எடுத்து இன்னொரு நாட்டுல விட்டா தனியா ஒரு பெரிய தொகை கேப்பாங்க, செக் ஹைவேல ஓட்ட விக்னெட்டும் (முன்கூட்டியே கட்டுற சாலைக் கட்டணம்) வாங்கணும்.

ரெகன்ஸ்பர்க்ல முடிஞ்சா யோசிக்கவே வேணாம், ம்யூனிக்ல இருந்து பிராக் போற ரயில் அங்க நிக்கும். நியூரம்பெர்க்னா நேர் பஸ்.

சில சமயம் க்ரூஸ் கம்பெனியே ஒரு பஸ் ஏற்பாடு பண்ணும். விலை அதிகம், ஆனா பெட்டிய நீங்க தொடவே வேணாம், ஹோட்டல் வாசல்ல இறக்கிடுவாங்க. வயசானவங்க கூட வந்தா முதல்ல இதோட விலையக் கேட்டுட்டு அப்புறம் மத்தத பாருங்க.

ஸ்டெப் 4: சீட் தனியா புக் பண்ணுங்க

நம்ம ஊர் ரிசர்வேஷன் மாதிரி டிக்கெட் எடுத்தாலே சீட் நம்பர் வந்துடும்னு நினைக்காதீங்க, இங்க நிறைய ரயில்ல அது தனி, கொஞ்ச காசுதான், கோடையில கண்டிப்பா போட்டுடுங்க. பாஸ்போர்ட்ட சூட்கேஸ்ல வைக்காம கைப்பைல வைங்க, பொதுவா பார்டர் செக்கிங் இல்லாம நாடு விட்டு நாடு போகக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குள்ளயும் சில சமயம் போலீஸ் ஏறி பாப்பாங்க.

புடாபெஸ்ட்ல இருந்து பிராக் போறீங்கன்னா இடது பக்க ஜன்னலா கேளுங்க. கிளம்பி கொஞ்ச நேரத்துலயே ரயில் டானூப் ஓரமாவே போகும், எதிர்க்கரையில விஷெக்ராட் கோட்டை மலை மேல தெரியும், அப்புறம் எஸ்டர்கோம் ஊர் பசிலிக்காவோட (பெரிய சர்ச்) பெரிய டோம். கப்பல்ல வர்றப்போ ராத்திரி தூக்கத்துல தாண்டியிருந்தா, பகல் வெளிச்சத்துல இப்போ பாத்துக்கலாம்.