ஒருவர் அமரும் நீர்மூழ்கி: முதல் வடிவமைப்பில் நான் சறுக்கிய இடம்

என் நீர்மூழ்கி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி ஒன்று எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மூழ்கியது. மூழ்கியது சரி, மேலே வரவில்லை. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுக்க அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெல்டிங், பேட்டரி, மோட்டார் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. இந்த வேலையில் இறங்குகிறவருக்கு அவை தெரிந்திருக்கும்.

முதல் படி: எடைக் கணக்கு

கணினியில் படம் வரைய வேண்டாம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். படம் அழகாக வந்துவிட்டால் அதை மாற்ற மனம் வராது, இந்த வேலையிலோ பத்து முறை மாற்ற வேண்டியிருக்கும்.

உடல் ஓர் உருளை என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 75 செ.மீ., நீளம் 2 மீட்டர், இரு முனைகளிலும் அரைக்கோள மூடி. கொள்ளளவு ஏறக்குறைய 1.1 கன மீட்டர். நன்னீரில் அது 1,100 கிலோ தண்ணீரை விலக்கும். 6 மி.மீ. இரும்புத் தகட்டில் செய்தால் கூடு 305 கிலோ வரும், ஆள் 75 கிலோ. மொத்தம் 380. மீதி 720 கிலோவுக்கு எங்கே போவது? மிதக்க வைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். உண்மையில் மூழ்க வைக்கத்தான் காசு கரைகிறது. பேட்டரி, இருக்கை, கதவு எல்லாம் போக மிச்சத்தை ஈயத்தால் நிரப்ப வேண்டும். ஆகவே உள்ளே தாராளமாக இடம் விடாதீர்கள். கூடுதலாக விடும் ஒவ்வொரு லிட்டர் இடத்துக்கும் ஒரு கிலோ ஈயம் வாங்க வேண்டும்.

கடலில் இறக்குவதானால் கணக்கை மறுபடி போடுங்கள். கடல்நீர் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,025 கிலோ. இதே கூட்டுக்கு இன்னும் 27 கிலோ தேவைப்படும்.

இரண்டாம் படி: சுவர்

வெளியிலிருந்து அழுத்தும்போது குழாய் கிழிவதில்லை, நசுங்குகிறது. நீண்ட குழாய்க்கான சூத்திரத்தில் தடிமனுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் மும்மடியைப் பொறுத்து நசுங்கும் அழுத்தம் அமைகிறது. 75 செ.மீ. விட்டத்துக்கு 6 மி.மீ. தகடு என்றால், உள்வளையம் இல்லாமல், ஏறக்குறைய 23 மீட்டர் ஆழம் வரை தாங்கும். அதுவும் குழாய் அச்சில் வார்த்த வட்டமாக இருந்தால்! நான்கில் ஒரு பங்கைத்தான் நம்புவேன். அதனால் என் நோட்டில் 5 மீட்டருக்கு மேல் எழுதவில்லை. தகட்டை 3 மி.மீ. ஆக்கினால் பலம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். உள்ளே வளையங்கள் வைத்தால் நிலைமை வெகுவாக மாறும். ஆனால் அந்தக் கணக்கை அழுத்தக் கலன் வடிவமைக்கும் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள். பிறகும் முதலில் ஆளில்லாமல், கயிறு கட்டி, ஓட்டப்போகும் ஆழத்தைவிட அதிக ஆழத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: ஈயம் எங்கே

அடியில். முடிந்தால் கூட்டுக்கு வெளியே அடியில். நீருக்குள் எடை மையம் மிதப்பு மையத்துக்குக் கீழே இருந்தால்தான் படகு நிமிர்ந்து நிற்கும். 1775-இல் அமெரிக்கர் டேவிட் புஷ்னெல் கட்டிய 'டர்ட்டில்' நீர்மூழ்கியிலேயே ஈயம் அடியில்தான் இருந்தது. அதில் ஒரு பகுதியை உள்ளிருந்தே இறக்கிவிடவும் முடியும். அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லாமல், கையால் திருகினால் கழன்று விழும் ஈயக்கட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

நான்காம் படி: பேலஸ்ட் தொட்டி

தண்ணீரை ஏற்றி மூழ்கவும், காற்றை நிரப்பி மிதக்கவும் வைக்கும் தொட்டி இது. என்னைக் கவிழ்த்தது இதுதான். மாதிரியை 110 மி.மீ. பிவிசி குழாயில் 40 செ.மீ. நீளத்துக்குச் செய்தேன். 3.8 லிட்டர் கொள்ளளவு. மேலே ஒரு தொட்டி, அதன் அடி திறந்திருக்கும். காற்றைக் கொஞ்சம் வெளியேற்றினால் தண்ணீர் உள்ளே ஏறும், படகு இறங்கும். பாதி நிரப்பி, நீருக்குள் அந்தரத்தில் நிற்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வாளித் தண்ணீரில் அழகாக நின்றது.

கிணற்றில் ஒரு முழம் இறங்கியதும் வேகம் பிடித்தது. இரண்டு முழத்தில் இன்னும் வேகம். பிறகு கண்ணில் படவே இல்லை. முனை மூடிகளையும் ஒட்டுப் பசையையும் சந்தேகித்து இரண்டு நாள் வீணாக்கினேன். எதுவும் ஒழுகவில்லை.

காரணம், தொட்டிக்குள் இருந்த காற்று. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அடி திறந்த தொட்டியில் 400 மி.லி. காற்று அங்கே 200 மி.லி. ஆகச் சுருங்கிவிடும். 200 கிராம் மிதப்பு போய்விட்டது. இறங்க இறங்கக் காற்று சுருங்குகிறது, சுருங்கச் சுருங்க இன்னும் இறங்குகிறது. மேலே ஏறும்போது இதற்கு நேர்மாறு: காற்று விரிந்து படகைத் தூக்கி எறியும். அப்படிப்பட்ட தொட்டியை வைத்து நடுவில் நிற்கவே முடியாது.

ஆகவே இரண்டு தொட்டிகள் வேண்டும். அடி திறந்த பெரிய தொட்டிக்கு இரண்டே நிலைதான்: மேலே மிதக்கும்போது முழுக்கக் காற்று, இறங்கும்போது முழுக்கத் தண்ணீர். நுண்ணிய சரிக்கட்டலுக்குத் தனியாக, மூடிய, அழுத்தம் தாங்கும் சிறு தொட்டி. அதில் நீர் அளவு ஆழத்தால் மாறாது. மாதிரியில் இதற்கு மருந்துக் கடை 60 மி.லி. சிரிஞ்சு ஒன்றைத் திருகாணியால் இயக்கினேன். பம்பைவிட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எவ்வளவு நீர் உள்ளே வந்தது என்று கண்ணால் பார்க்கலாம். இணைப்புகளுக்கு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடுங்கள். சிலிக்கான் பசையை நம்பியவர்கள் பாதாளக் கரண்டியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: கதவும் மூச்சும்

கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும், அப்போதுதான் நீரழுத்தமே அதைச் சட்டத்தோடு அழுத்தி மூடும். 50 செ.மீ. கதவின் மேல் 10 மீட்டரில் ஏறக்குறைய 2 டன் சுமை. உள்ளிருந்து தள்ளித் திறக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மூச்சு விஷயத்தில் பிராணவாயு தீரும் முன்பே கரியமில வாயு ஆளை மடக்கிவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார். உள்ளே 800 லிட்டர் காற்று இருந்தால் அரை மணியில் 1 சதவீதம், ஒன்றரை மணியில் 3 சதவீதம். தலைவலியும் மூச்சிரைப்பும் வந்துவிடும். கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு நிரப்பிய பெட்டியும் ஒரு சிறு விசிறியும் வையுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மாதிரி செய்த ஒருவர், பெரிய தொட்டியின் அடியிலும் வால்வு வைத்து மூடிவிட்டார். ஆழத்தில் காற்று நிரப்பி மேலே வந்தபோது காற்று விரிய, தொட்டி புடைத்து இணைப்புக் குழாய் பிடுங்கிக்கொண்டது. அடித்துளை திறந்தே இருக்கட்டும், மிகுந்த காற்று அதன் வழியே குமிழியாகப் போய்விடும். வால்வு மேலே மட்டும்.