மாணவர்களின் இன அடையாளத்தை அளப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மாணவிகள் ஒரே கேள்வித்தாளை நிரப்பியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மூன்று கூற்றுகள் தன் இனக்குழுவைப் பற்றி அறிய ஒருவர் எவ்வளவு முயன்றிருக்கிறார் என்று கேட்கின்றன. மற்ற மூன்று, அந்தக் குழுவோடு அவருக்குள்ள பிடிப்பைக் கேட்கின்றன. முதல் மாணவி தேடலில் 14, பிடிப்பில் 8. இரண்டாம் மாணவி தேடலில் 8, பிடிப்பில் 14. கூட்டினால் இருவருக்கும் 22. அறிக்கையில் இருவரும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் இவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. முதல் பெண் கேள்விகளோடு அலைந்துகொண்டிருக்கிறாள். இரண்டாமவள் வீட்டில் சொன்னதை அப்படியே ஏற்று, மனம் அமைந்து இருக்கிறாள். உளவியலாளர் எரிக் எரிக்சனின் சிந்தனையிலிருந்து இன்னோர் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் வகுத்த அடையாள நிலைகளின்படி பார்த்தால், ஒருத்தி தேடலின் நடுவில் நிற்கிறாள்; மற்றவள் தேடாமலேயே முடிவுக்கு வந்துவிட்டாள். இந்தத் துறையில் நான் அதிகம் காணும் தவறும், அதிகம் வருந்தும் தவறும் இந்த ஒற்றைக் கூட்டுத்தொகைதான்.

அளவுகோலை உருவாக்கியவர்களே இந்த வேறுபாட்டைக் காட்டித்தான் வந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜீன் ஃபின்னி பல இனக்குழு மாணவர்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை 1992-இல் வெளியிட்டார். 1999-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வளரிளம் மாணவர்களின் விடைகளை ஆராய்ந்து அதை 12 கூற்றுகளாகச் சுருக்கியபோது, தேடல் ஒரு கூறாகவும், பற்றும் பிடிப்பும் சேர்ந்து இன்னொரு கூறாகவும் பிரிந்தன. 2007-இல் வந்த திருத்திய வடிவம்தான் மேலே சொன்ன ஆறு கூற்றுகள். இரண்டு எண்களைத் தரும் கருவியிடமிருந்து ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டால் பாதிச் செய்தி போய்விடும்.

இதோடு ஒட்டிப் பிறந்தது இன்னொரு தவறு: மதிப்பெண்ணை இனப்பற்றின் அளவாகப் படிப்பது. “இந்த மாணவனுக்கு அடையாளம் பலவீனம்” என்று எழுதிவிடுகிறார்கள். இந்த அளவுகோலில் தேர்ச்சிக் கோடு எதுவும் கிடையாது. பெரும்பான்மைக் குழுவில் பிறந்த மாணவர் பலர் குறைந்த மதிப்பெண்ணே பெறுவார்கள். தன் இனத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு அன்றாடம் எழுவதில்லை, அவ்வளவுதான். அதைக் குறை என்று பதிவு செய்வது அநியாயம்.

இனி மொழிக்கு வருகிறேன். தமிழில் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் இங்கே நின்று நிதானிக்க வேண்டும். ‘இனம்’ என்ற ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனையைத் திணித்து வைத்திருக்கிறோம்! ஒரு மாணவர் அதை மொழி என்று எடுத்துக்கொள்வார். அடுத்தவர் சாதி என்று. இன்னொருவர் மதம் என்று. நான்காமவர் ஆண், பெண் என்ற பாகுபாடாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். நால்வரும் ஒரே கூற்றுக்கு 4 என்று வட்டமிட்டிருப்பார்கள். நான்கு வெவ்வேறு பொருள்களை ஒரே நிரலில் போட்டுச் சராசரி எடுத்தால் கிடைப்பது எதன் சராசரி? ‘இனக்குழு’ என்று எழுதுவது ஓரளவு உதவும். அதுவும் போதாது, எதைக் குறிக்கிறோம் என்று இரண்டு வரி விளக்கம் மேலே வேண்டும். ‘பெருமை’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. அதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ளும் அடக்கமான பிள்ளை, பற்று நிறைய இருந்தும் 2 என்று குறித்துவிடும்.

மொழிபெயர்த்ததை மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை மொழிபெயர்ப்பாளர்களைச் சோதிக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை என்ன புரிந்துகொள்கிறது என்று சொல்லாது. ஏழெட்டு மாணவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லி, “இதைப் படித்ததும் உன் மனத்தில் என்ன வந்தது?” என்று கேளுங்கள். “வரலாற்றுப் பாடத்தில் படித்ததும் தேடலில் சேருமா?” என்று ஒரு மாணவர் திருப்பிக் கேட்டால், அந்தக் கூற்றை நீங்கள் திருத்தியே ஆக வேண்டும்.

எந்தக் குழு என்று கேட்கும் கட்டங்களில் வேறொரு காயம் ஒளிந்திருக்கிறது. தாய் ஒரு குழு, தந்தை வேறொரு குழு என்றிருக்கும் மாணவரிடம் “ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்” என்று சொன்னால், பெற்றோரில் ஒருவரை விட்டுவிடச் சொல்கிறோம். ‘மற்றவை’ என்ற கட்டமும் மரியாதையானது இல்லை. ஃபின்னியின் அளவுகோல், தன் குழுவின் பெயரை மாணவரே தன் சொல்லில் எழுத இடம் தருகிறது. பெற்றோர் இருவரின் குழுவையும் தனித்தனியே கேட்கிறது. தொகுக்கும் வேலை நமக்குக் கூடும், கூடட்டும்.

எப்போது, எங்கே, யார் கேட்பது என்பதும் விடையை மாற்றும். 1995-இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா அரான்சனும் நடத்திய சோதனைகளில், தேர்வுக்கு முன் இனத்தைக் குறிக்கச் சொன்னபோது கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் சரிந்தது. அந்த விளைவு எவ்வளவு பெரியது என்று பின்னர் நிறைய விவாதம் நடந்திருக்கிறது. ஆனாலும் தேர்வு நாளில் இந்தக் கேள்வித்தாளை நீட்டாமலிருக்க அந்த எச்சரிக்கையே போதும். வகுப்பாசிரியர் மேசைகளுக்கிடையே நடந்து தாள்களைச் சேகரிப்பதையும் தவிர்க்க வேண்டும். பக்கத்து மாணவர் எட்டிப் பார்க்கும் தூரத்தில் எந்தப் பிள்ளையும் உண்மையை எழுதாது. பெயரை நீக்கிவிட்டோம் என்று நிம்மதி அடையவும் முடியாது. ஒரு வகுப்பில் ஒரு குழுவைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர் என்றால், வகுப்பு, பாலினம், குழு என்று பிரித்துப் போட்ட அட்டவணையில் அவர் பெயர் இல்லாமலேயே தெரிந்துவிடுவார். அத்தகைய சிறு எண்களை வெளியிடக் கூடாது. பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும், பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கணக்கில் நேரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1992-ஆம் ஆண்டு வடிவத்தில் எதிர்மறைக் கூற்றுகள் இருந்தன. அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடாமல், அதாவது உயர்ந்ததைக் குறைந்ததாகவும் குறைந்ததை உயர்ந்ததாகவும் மாற்றாமல், கூட்டினால் எல்லாம் பாழ். 2004-இல் அட்ரியானா உமானா-டெய்லரும் அவர் குழுவினரும் வெளியிட்ட 17 கூற்று அளவுகோலில் எதிர்மறைக் கூற்றுகள் இன்னும் அதிகம். கிரோன்பாக் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண் உயர்ந்திருந்தால் கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று பொருள். நாம் நினைத்ததையே அளந்தோம் என்பதற்கு அது சாட்சி இல்லை. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் முன், கூற்றுகள் இரு குழுவிலும் ஒரே விதமாக இயங்குகின்றனவா என்று சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனையில்லாமல் “இந்தக் குழுவுக்கு அடையாளம் அதிகம்” என்று எழுதுவதை எந்தப் பத்திரிகையும் ஏற்கக் கூடாது.

ஒரே ஒரு முறை அளந்துவிட்டுக் காரணம் சொல்லும் அவசரமும் இருக்கிறது. அடையாளமும் தன்மதிப்பும் சேர்ந்து உயர்ந்திருந்தால், எது எதை வளர்த்தது என்று அந்த ஒரு நாள் தரவு சொல்லாது. பன்னிரண்டு வயதில் தேடல் குறைவாக இருப்பது இயல்பு. பள்ளி மாறும்போது, புதிய நண்பர்கள் சேரும்போது அது எழும். முடிந்தால் ஓராண்டு கழித்து அதே மாணவர்களிடம் திரும்பிப் போங்கள். அப்போதும் கேள்வித்தாளின் கடைசியில் நான்கு வெற்று வரிகளை விட்டு, “நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?” என்று எழுதி வையுங்கள். முன்பு 14-ம் 8-ம் பெற்ற அந்த முதல் மாணவிக்கு எழுதுவதற்கு ஏதாவது இருக்கும்.