கும்பகோணம் பக்கம் பழைய வீடு வாங்குமுன் மனையைப் பாருங்கள்

திண்ணை, ரேழி, முற்றம், கொல்லையில் கிணறும் மாமரமும். பார்த்தவுடனே மனசு விழுந்துவிடும், எனக்கும் அப்படித்தான் ஆனது. ஆனால் டெல்டாவில் கோயிலை ஒட்டிய சன்னதித் தெரு, மடவிளாகம் மாதிரி இடங்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மனை யாருடையது என்பதுதான். பல வீடுகளில் கட்டடம் மட்டும்தான் வீட்டுக்காரருடையது, அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும், அது தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனால் பத்திரம் பதிய முடியாமல் நிற்பீர்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்களைக் கேளுங்கள், அடிமனைப் பிரச்சினை பற்றி நாள் முழுக்கச் சொல்வார்கள்.

வில்லங்கச் சான்றிதழ் 1975-லிருந்து இணையத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம், அதோடு நிற்காமல் மூலப்பத்திரம் வரை போங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பாட்டனார் பெயரிலேயே இருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். "பெண்களுக்கெல்லாம் கல்யாணத்திலேயே செய்தாச்சு" என்று சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள், பெண்ணுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில்கூட தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது.

தாராசுரம் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு பார்க்கிறீர்களா? அது மத்தியத் தொல்லியல் துறையின் கோயில், 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே யோசியுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். கோடையில் பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள், ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். நான் பார்த்த வீட்டில் கூடத்துச் சுவரின் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், வெள்ளையாக உப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள், ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிட்டது. உத்தரத்தைச் சாவியால் தட்டிக் கேளுங்கள், பொக்கென்று சத்தம் வந்தால் கரையான் தின்றிருக்கும். அப்புறம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரா என்று பத்திரத்திலேயே பாருங்கள், அவர்கள் இடித்துக் கட்டும்போது உங்கள் உத்தரமும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும்.

முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் ஆகும். அதற்கு மேல் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வாங்குவதற்கு முன்பே தேடிப் பிடித்துவிடுங்கள்.