ராத்திரி எழுந்து அழும் பிள்ளை: வேலை 2 மணிக்கு இல்லை, 8 மணிக்கு

ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளை ராத்திரி நடுவில் விழிப்பது நோய் இல்லை. இந்த வயதில் தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாக விழிப்புத் தட்டும், புரண்டு படுக்கும், கொஞ்சம் சிணுங்கும். பெரியவர்களுக்கும் இது உண்டு, காலையில் நினைவிருக்காது, அவ்வளவுதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், தூளியில் ஆட்டித் தூங்க வைத்த பிள்ளை 12 மணிக்கு விழிக்கும்போது ஆட்டம் நின்றிருக்கும், பாட்டிலைச் சப்பியபடி தூங்கிய பிள்ளைக்கு வாயில் பாட்டில் இருக்காது, தோளில் தூங்கிய பிள்ளை பாயில் கிடக்கும். கண் மூடும்போது இருந்தது இப்போது இல்லை என்றதும் அழுகை வரும். அதனால்தான் நடுராத்திரி என்ன செய்வது என்று யார் கேட்டாலும், முதலில் எப்படித் தூங்க வைக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.

அதற்கு முன்னால் பகலைப் பார்த்துவிடுங்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான். சாயங்காலம் 5 மணி வரை மத்தியானத் தூக்கம் போட்ட பிள்ளை 9 மணிக்குத் தூங்காது. மூன்று, மூன்றரைக்குள் எழுப்பிவிடுங்கள். ஆனால் பகல் தூக்கத்தையே நிறுத்திவிட்டால் ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கும் என்று நினைக்காதீர்கள், மிஞ்சிய களைப்பில் பிள்ளை இன்னும் முரண்டு பிடிக்கும், அடிக்கடி விழிக்கவும் செய்யும். அப்பா வேலை முடிந்து ஒன்பதரைக்கு வருகிறார், வந்ததும் தூக்கிப் போட்டு விளையாடுகிறார், பிள்ளை 11 மணி வரை குதிக்கிறது. நம் வீடுகளில் இது நிறைய நடக்கிறது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அந்த நேரம் வேண்டும், நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த விளையாட்டைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ராத்திரி வந்ததும் கதை சொல்வதும் தட்டிக்கொடுப்பதும் அவர் பொறுப்பாக இருக்கட்டும்.

ஏழு, ஏழரைக்குள் சாப்பாடு. எட்டு மணிக்கு மேல் போனும் டிவியும் வேண்டாம். டீ, காபி, சாக்லேட்டைச் சாயங்காலத்துக்கு மேல் பிள்ளை கண்ணிலேயே காட்டாதீர்கள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு கழுவி, பருத்தித் துணி போட்டு, பல் துலக்கி, விளக்கைக் குறைத்து, ஒரு கதையோ தாலாட்டோ. வரிசை தினமும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம், என்ன பாட்டு என்பது அல்ல. மே மாத வெக்கையில் எந்த வரிசையும் உதவாது, அப்போது காற்று வருகிற பக்கம் பாயைப் போட்டு, கொசுவலை கட்டி, மெல்லிய துணி மட்டும் உடுத்திவிடுங்கள்.

இப்போது தூளிக்கு வருவோம். கைக்குழந்தைக்குத் தூளி சுகம், ஆனால் எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைக்கு அது ஆபத்து. பெரிய பிள்ளைகள் தூளியில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி உயிர் போன செய்திகள் தமிழ்நாட்டில் பலமுறை வந்திருக்கின்றன. ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் வீடே இரண்டுபடும் என்பதால் படிப்படியாக மாற்றுங்கள். முதல் சில நாள், கண் சொக்கும் வரை ஆட்டி, முழுதாகத் தூங்குவதற்குள் ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு ஆட்டும் நேரத்தைக் குறைத்து, தூளி நின்றிருக்கும்போதே தட்டிக்கொடுத்துத் தூங்கப் பழக்குங்கள். அடுத்தது பாய்: அந்தத் தூளிச் சேலையையே மடித்து மெத்தைமேல் விரித்து நன்றாகச் செருகிவிட்டால் பழகிய வாசனை இருக்கும், நீங்கள் பக்கத்தில் படுத்து முதுகில் கை வைத்துக்கொள்ளலாம். ராத்திரித் தூக்கத்தை முதலில் மாற்றுங்கள், பகல் தூக்கத்தைக் கடைசியில் தொட்டால் போதும், ஏனென்றால் ராத்திரிதான் தூக்கம் தானாக அழுத்தும். மூன்றாம் நாள், நான்காம் நாள் அழுகை கூடலாம். அங்கே விட்டுக்கொடுத்துத் தூளியைத் திரும்பக் கட்டினால், நிறைய அழுதால் கிடைக்கும் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடும். இந்த மாற்றத்தைக் காய்ச்சல், ஊர்ப்பயணம், புது வீடு, தம்பி பாப்பா பிறந்த சமயம் எதிலும் தொடங்காதீர்கள்.

ராத்திரிப் பால் அடுத்த பெரிய விஷயம். ஒரு வயதுக்கு மேல், எடை ஒழுங்காக ஏறும் பிள்ளைக்கு நடுராத்திரி பசிக்காகப் பால் தேவையில்லை. பாட்டிலோடு தூங்கினால் மேல் முன்பற்கள் சொத்தையாகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள், கடைசியில் தண்ணீர் மட்டும். தாய்ப்பால் என்றால் முழுக்க நிறுத்த வேண்டியதே இல்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தூங்கும் முன் கொடுங்கள், ஆனால் கதைக்கு முன்னால் கொடுங்கள், அப்போது பாலும் தூக்கமும் பிரியும். வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிப்பது எனக்குப் பிடிக்காது, பிள்ளைக்கு ஏமாற்றம், அம்மாவுக்குப் பால் கட்டி வலி.

சரி, இவ்வளவும் செய்தும் ராத்திரி எழுந்தால்? உடனே பாய்ந்து தூக்காதீர்கள். சிணுங்கும்போது பாதி நேரம் பிள்ளை முழுதாக விழித்திருக்கவே இருக்காது, நாம் தூக்கித்தான் எழுப்பிவிடுகிறோம். ஓரிரு நிமிடம் கேளுங்கள். அழுகை வலுத்தால் போங்கள், பெரிய விளக்கைப் போடாமல், முதுகில் கை வைத்து, "அம்மா இங்கதான் இருக்கேன், தூங்கு" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப, மெதுவாக. பேச்சு, விளையாட்டு, பிஸ்கட், போன் எதுவும் இல்லை. அம்மா ஒரு மாதிரி, அப்பா ஒரு மாதிரி, பாட்டி ஒரு மாதிரி செய்தால் இது நடக்காது. தனி அறையில் விட்டு அழவிடும் முறை வேண்டாமா என்று கேட்கிறார்கள். நாம் எல்லோரும் ஒரே அறையில் படுப்பவர்கள், பக்கத்தில் இருந்துகொண்டே உதவியைக் குறைத்தாலும் பலன் வரும்.

ஒன்றை மட்டும் தனியாக அடையாளம் கண்டுகொள்ளுங்கள். தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் திடீரென்று அலறி, வேர்த்து, கண் திறந்திருந்தும் உங்களையே தெரியாமல் தள்ளிவிட்டால், அது இரவு அச்சம். பேய் பிசாசு இல்லை, பாதி மூளை ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறது. உலுக்கி எழுப்பாதீர்கள், இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள், தானாக அடங்கும், காலையில் அதற்கு எதுவும் நினைவிருக்காது. களைப்பும் காய்ச்சலும் இதைக் கூட்டும். விடியற்காலையில் விழித்து உங்களைக் கட்டிக்கொண்டு அழுதால் அது கெட்ட கனவு, அங்கே அணைப்புதான் மருந்து.

கண் பட்டுவிட்டது என்று பெரியவர்கள் சுற்றிப் போட்டால் போடட்டும், அதில் கெடுதல் இல்லை. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜாதிக்காயை இழைத்துப் பாலில் கலப்பது, வசம்பு கொடுப்பது, கழுத்தில் கயிறு கட்டித் தூங்க வைப்பது, மூடிய அறையில் சாம்பிராணி போடுவது, இவை நான்கையும் அத்தையிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். "டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார் அத்தை" என்றால் பெரும்பாலும் சண்டை வராது. தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பது அதைவிட மோசம். குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-லேயே எச்சரித்துவிட்டது.

சில பிள்ளைகளுக்கு இந்த வழக்கங்கள் எதுவும் எடுபடாது, ஏனென்றால் உடம்பில் காரணம் இருக்கும். தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே புரண்டால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 57. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்து வயிற்றை நிரப்பும் பிள்ளைக்கு இது எளிதில் வரும். ராத்திரி பின்புறத்தைச் சொறிந்தால் பூச்சி. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் அங்கன்வாடியில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பார்கள், ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை. தினமும் குறட்டை, வாயால் மூச்சு, நடுவில் மூச்சு நின்று திணறல் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். படுத்தாலே அழுது காதைப் பிடித்தால் காதுவலி. கை கால் ஒரே சீராக வெட்டினால், உடம்பு விறைத்தால், வலிப்பாகவும் இருக்கலாம், போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே போங்கள்.

அம்மாவின் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் கேட்கிறேன். 10 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 6 வரை இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தன் முறை இல்லாதவர் வேறு அறையில் படுக்கலாம். அலுவலகம் போகிறவருக்குத்தான் தூக்கம் வேண்டும் என்பது நியாயமே இல்லை, பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்ப்பதும் வேலைதான். ஆத்திரம் தலைக்கேறினால் பிள்ளையைப் பாயில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். அந்த ஐந்து நிமிட அழுகையால் பிள்ளைக்கு எதுவும் ஆகாது, உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும். பல வாரமாக அழுகையும் வெறுமையும் உங்களை விடவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் அது, இலவசம், தமிழிலேயே பேசுவார்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள்.