சிடி கச்சேரிகளைக் கணினிக்கு மாற்ற

மதுரைப் புழுதி சிடி பிளேயரின் லென்ஸை விட்டுவைக்காது. பிளேயர் திக்கத் தொடங்குமுன் சிடிகளைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். எம்பி3 வேண்டாம், ஃபிளாக் (FLAC) கோப்பாக எடுங்கள். ஒலியில் எதுவும் குறையாது, சிடியில் சுருக்காமல் இருக்கும் ஒலியைவிட இடமும் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும். விண்டோஸுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் செக்யூர் முறையைத் தேர்ந்தெடுத்தால், கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் பிடித்தால் பிடிக்கட்டும். மதுரை சோமு கச்சேரிக்காகக் காத்திருக்கலாம்.

அப்புறம், லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுத்தால் பல நேரம் மெல்லிய இரைச்சல் கலந்துவிடும், தம்புரா சுருதியில் அது நன்றாகவே தெரியும். சின்னதாக ஒரு யூஎஸ்பி டிஏசி (கணினியின் டிஜிட்டல் ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) வாங்கி, அதன் சிவப்பு வெள்ளை ஒயரை ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் (AUX) துளையில் செருகுங்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் கட்டாயம் வேண்டும்.