4கே காணொளித் தொகுப்புக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு திருமணம், தேர்த் திருவிழா, தைப்பூசக் காவடி என்று படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பவருக்குக் கிராஃபிக்ஸ் கார்டு பெரிய முதலீடு. முழு எச்டி படத்தைவிட நான்கு மடங்கு, அதாவது ஒரு சட்டத்துக்கு ஏறக்குறைய 8.3 மில்லியன் புள்ளிகள் கொண்ட 4கே பதிவைப் பழைய கணினியில் ஏற்றினால் அது திணறத்தான் செய்யும். ஆனால் அந்தத் திணறலுக்குக் கார்டுதான் காரணம் என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதற்குச் செலவே இல்லை. தொகுப்பு மென்பொருளில் ஒரு காட்சியை ஓடவிட்டு, விண்டோசின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கணினியின் மையச் செயலி (சிபியு) முழு அளவில் உழைக்க, கிராஃபிக்ஸ் பகுதியில் 'வீடியோ டிகோட்' வரைபடம் அசையாமல் கிடந்தால், உங்கள் கேமரா எழுதும் கோப்பை அந்தக் கார்டோ மென்பொருளோ வன்பொருள் வழியே விரித்துப் படிக்கவில்லை என்று பொருள்.

விளையாட்டுக்கான வேகப் பட்டியலைப் பார்த்துக் கார்டு வாங்குவோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சோனி ஏ7 மார்க் 4 போன்ற கேமராக்கள் 10 பிட் 4:2:2 என்ற, நிறத் தகவல் மிகுந்த வண்ணத்தில் பதிவு செய்ய வல்லவை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகள் எவ்வளவு விலை உயர்ந்தவையாயினும் எச்.264, எச்.265 எனப்படும் சுருக்கப்பட்ட காணொளிக் கோப்புகளின் 4:2:2 வடிவத்தை வன்பொருளில் விரிப்பதில்லை. 2025இல் வந்த 50 வரிசை விரிக்கிறது. 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளின் உள்ளமைந்த கிராஃபிக்சும் எச்.265 கோப்பின் 4:2:2 வடிவத்தை விரிக்கும். எனவே உங்கள் செயலியின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடியவில்லையென்றால் (முடிந்தால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை), அணைந்து கிடக்கும் அந்தப் பகுதியை பயாசில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) இயக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு பணப்பையைத் திறப்பதே என் பரிந்துரை. நிறத் தகவல் குறைவான 4:2:0 வண்ணத்தில் மட்டும் படம்பிடிப்பவருக்கு இந்தக் கவலை தேவையில்லை.

அடுத்தது கார்டின் நினைவகம். இரவு இரத ஊர்வலம் போன்ற மங்கலான காட்சியில் இரைச்சல் நீக்கமும் (படத்தில் தெரியும் புள்ளித் தூசை அகற்றுவது) வண்ணத் திருத்தமும் அடுக்கடுக்காகச் சேரும்போது 8 ஜிபி விரைவில் நிரம்பிவிடும். 4கே வேலைக்கு 12 ஜிபியை அடிமட்டமாகக் கொள்வதே நல்லது. ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ ஆகிய இரண்டும் ஒரே பெயரில் இரு நினைவக அளவுகளில் விற்கப்படுவதால், பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்காமல் ரிங்கிட்டை நீட்டாதீர்கள். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது. ஆனால் மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' (கார்டின் முழு நினைவகத்தையும் செயலி அணுக விடும் வசதி) இயங்காவிட்டால் அதன் வேகம் வெகுவாகக் குறையும். டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருள் கிராஃபிக்ஸ் கார்டை மிகுதியாக நம்பியிருக்கிறது. அதன் இலவசப் பதிப்பில் இரைச்சல் நீக்கம் இல்லை என்பதால், கட்டணப் பதிப்பின் விலையையும் சேர்த்தே வரவுசெலவு போட வேண்டும். மற்றொரு தொகுப்பு மென்பொருளான பிரீமியர் புரோவில் மையச் செயலியின் பங்கு அதிகம்.

பழைய கார்டு வாங்குவது தவறன்று. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கிராஃபிக்ஸ் கார்டுகளின் கணிப்பால் ஈட்டும் ('தோண்டும்') முறை முடிவுக்கு வந்தபோது ஏராளமானவை சந்தைக்கு வந்தன. ஓயாது உழைத்தவை அவற்றில் கலந்திருக்கும் என்பதால், விசிறி ஓசையையும் வெப்பத்தையும் கவனித்தபடி, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் ஈப்போ கடையிலிருந்தோ இணையத்திலிருந்தோ எதையும் ஏற்காதீர்கள்.

பவர் சப்ளையையும் மறக்கலாகாது. 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060க்கே 550 வாட் அலகு பரிந்துரைக்கப்படுகிறது. மாலை இடிமழை வழக்கமான நம் பகுதியில் மின்னல் தடுப்புச் செருகுபலகை இன்றிப் புதிய கார்டை இயக்குவது வீண் ஆபத்து.

கார்டைப் பொருத்தியதும் பழைய டிரைவரை முழுமையாக நீக்கி, என்விடியாவானால் விளையாட்டுக்கானதை விடுத்து ஸ்டூடியோ டிரைவரை நிறுவுங்கள். முன்பு சோதித்த அதே காட்சியை மீண்டும் ஓடவிட்டு, வரைபடம் இப்போதாவது அசைகிறதா என்பதைத் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.